வரைபட மென்பொருளில் நம் அமைப்பைக் காத்தல்

தமிழிலக்கணம் பயில்வார்க்குத் தொகைநிலை புதியதொன்றன்று. 'பால் குடித்தான்' என்னுமிடத்து இரண்டாம் வேற்றுமையுருபு வாய்விட்டுக் கூறப்படுவதில்லை. கேட்போனே அதனை வருவித்துக்கொண்டு பொருள் காண்கின்றான். 'ஊறுகாய்' என்னும்போது காலமும் மறைந்து நிற்கின்றது. ஆகவே, சொல்லாது விடப்பட்டது இல்லாதது அன்று. கேட்போனிடம் ஒப்படைக்கப்பட்டது என்க. எண்களை வரைபடமாக்கித் தரும் அறிவியல் மென்பொருள்களிடத்தும் இந்நிலையே காணப்படுகின்றது. 'இவ்வெண்களைக் கோடாக வரைக' என்று ஒரே வரியில் நாம் ஏவுகின்றோம். கோடு எந்நிறத்தது, எத்துணைத் தடிப்பினது, படம் எத்தனை அங்குல அகலத்தது, அச்சுக்களின் ஓரத்தில் எழுதப்படும் எழுத்துரு யாது என்பனவற்றுள் ஒன்றையேனும் நாம் கூறுவதில்லை. கூறாதன அனைத்தையும் மென்பொருள் தன் கையிருப்பிலிருந்து எடுத்து இட்டு நிரப்புகின்றது. அக்கையிருப்பினையே இயல்புநிலை அமைப்பு என்பர்.

கேட்போன் மாறாதிருக்குமளவும் தொகைச்சொல்லால் இடரொன்றும் இல்லை. கேட்போன் மாறினாலோ, சொன்ன சொல் அதுவேயாக, பொருள் வேறாகிவிடும். மென்பொருளின் ஒரு பதிப்பு நீங்கி மற்றொரு பதிப்பு வருதல் கேட்போன் மாறுதலை ஒக்கும். இதனை யாம் நூலிற் கற்றோம் அல்லேம், பட்டறிந்தோம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய எம்முள் நால்வர், திருக்குறளின் 133 அதிகாரங்களிலும் குறளின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் எதனான் முடிகின்றது என்று எண்ணி, அதனை வரைபடமாக்கிக் கட்டுரையொன்றில் சேர்த்தற்கு முற்பட்டோம். பௌதிகம் பயிலும் நண்பரொருவர், பைத்தான் மொழியில் இயங்கும் மேட்பிளாட்லிப் என்னும் மென்பொருளை எமக்குக் காட்டித் தந்தார். முதற்படம் வெளிவந்தபோது, அதிகாரப் பெயர்கள் நிற்கவேண்டிய இடங்களில் வெறுங்கட்டங்கள் வரிசையாய் நின்றன. அம்மென்பொருள் இயல்பாகக் கொள்ளும் டெஜாவூ சான்ஸ் என்னும் எழுத்துருவில் தமிழெழுத்துக்கள் இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. நண்பர் மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே சென்று, அங்கிருந்த அமைப்புக் கோப்பினைத் திறந்து, எழுத்துரு, எழுத்தளவு, படத்தின் அகலம், நிறவரிசை யாவற்றையும் எமக்கேற்ப மாற்றிவைத்தார். இரண்டு திங்கள் இனிது கழிந்தன. கட்டுரை கொடுத்தற்கு ஐந்து நாள் இருக்கையில், வேறொரு காரணம்பற்றி யாமே மென்பொருளைப் புதுப்பித்தோம். மறுநாள் ஒரு பிழை திருத்துவான் வேண்டிப் படங்களை மீட்டும் வரைவித்தபோது, கட்டங்கள் திரும்பி வந்துவிட்டன. அகலமும் நிறமும் மாறிவிட்டன. முன்னரே கட்டுரையிற் சேர்த்த படங்கள் ஒரு முகமும், புதியன மற்றொரு முகமுமாய் நின்றன. எம் அமைப்பு யாண்டுச் சென்றது?

விடை எளிது. மேட்பிளாட்லிப்பின் ஆவணமே இதனைத் தெளிவுறக் கூறுகின்றது: நிறுவற் கோப்புறையிலுள்ள அமைப்புக் கோப்பு, ஒவ்வொரு முறை நிறுவும்போதும் புதியதால் மேலெழுதப்படும். அது மென்பொருளின் உடைமை; நம் உடைமை அன்று. வாடகை வீட்டுச் சுவரில் ஆணியறைந்து படம் மாட்டுவார், வீட்டுடையவன் வெள்ளையடிக்கும்போது படம் இறக்கப்பட்டது குறித்து வருந்துதல் பொருந்தாது. தவறு எம்முடையதே.

இனி, அம்மென்பொருள் அமைப்புக் கோப்பினை எவ்வாறு தேடுகின்றது என்பதனைச் சற்று விரிவாகக் காண்போம். காத்தலின் மறைபொருள் முழுதும் இதன்கண் அடங்கியுள்ளது. கோப்பின் பெயர் மேட்பிளாட்லிப்ஆர்சி. மென்பொருள் தொடங்கும்போது, முதற்கண் நாம் வேலை செய்துகொண்டிருக்கும் கோப்புறையில் அப்பெயருடைய கோப்பு உளதா என்று பார்க்கின்றது. இல்லையாயின், அதே பெயரைப் பெருவெழுத்தில் தாங்கிய சூழல்மாறி ஒன்று ஏதேனும் இடத்தைச் சுட்டுகின்றதா என்று பார்க்கின்றது. அதுவும் இல்லையாயின், பயனர்க்கென்றே உரிய அமைப்புக் கோப்புறையை நாடுகின்றது. லினக்ஸ் கணினியில் இது பயனரது இல்லக் கோப்புறையின் உள்ளே மறைந்து கிடக்கும். இம்மூன்றிடத்தும் காணாதவழியே நிறுவற் கோப்புறைக்குச் செல்கின்றது. முதலிற் கண்ட கோப்போடு தேடல் நின்றுவிடும். ஏனையவற்றை அது திறந்தும் பாராது. கண்ட கோப்பில் கூறப்படாத செய்திகளுக்கு மென்பொருளின் உள்ளமைந்த மதிப்புக்களே கொள்ளப்படும். எந்தக் கோப்பு உண்மையில் எடுத்தாளப்பட்டது என்று ஐயமுற்றால், மேட்பிளாட்லிப்_எஃப்நேம் என்னும் சார்பினை அழைத்துக் கேட்கலாம். அது கோப்பின் முழு முகவரியையும் தரும். அவ்வொரு வரியை யாம் முன்னரே அறிந்திருப்போமாயின் இரண்டு இரவுகள் மிஞ்சியிருக்கும்.

இவ்வாற்றால், நம் அமைப்பினை முதன்மூன்று இடங்களுள் ஒன்றில் வைத்தோமாயின், புதுப்பித்தல் அதனைத் தீண்டாது. ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டப்படும். சிலர் மென்பொருளோடு வந்த கோப்பு முழுவதையும் படியெடுத்துத் தம்மிடத்து வைத்துக்கொண்டு, அதன் வரிகள் எல்லாவற்றையும் உயிர்ப்பித்துவிடுகின்றனர். அது காத்தலன்று, உறையவைத்தல். பிற்காலப் பதிப்புக்களில் சில பெயர்கள் வழக்கொழியும். அவற்றைத் தாங்கிய பழைய கோப்பு ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வரிகளைப் பொழிந்துகொண்டிருக்கும். மாற்ற விரும்பிய வரிகளை மாத்திரம் எழுதுக. எம் கோப்பு இப்போது ஒன்பதே வரியினது.

கோப்பேயன்றி, நடைக்கோப்பு என்று வேறொன்றும் உண்டு. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 1.4ஆம் பதிப்பில் இது புகுத்தப்பட்டது. தோற்றத்தைப்பற்றிய அமைப்புக்களைத் தனிக்கோப்பாக எழுதி, நிரலின் தலையில் 'இந்நடையைக் கையாள்க' என்று ஏவினால், அந்நிரல் முழுதும் அந்நடையே செல்லும். ஒரு படத்துக்கு மாத்திரம் வேறு நடை வேண்டுமாயின், அதற்கென வரம்பிட்ட ஒரு தொடரின் உள்ளே அமைப்பினை மாற்றலாம். தொடர் முடிந்தவுடன் பழைய அமைப்பு தானே மீளும். இவற்றுள் வலிமை யாதெனின், நிரலினுள் நேரே இட்ட ஆணை நடைக்கோப்பினையும், நடைக்கோப்பு அமைப்புக் கோப்பினையும் வெல்லும். இதனைக் கேட்டவுடன் எம் வகுப்பினர்க்கு உரையாசிரியர்கள் அதிகாரம் என்னும் சொல்லுக்குக் கூறிய விளக்கம் நினைவுக்கு வந்தது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே நாடு முழுதும் தன் ஆணை செல்லச்செய்யும் அரசனைப்போல ஒரு சொல் பல சூத்திரங்களை ஆளுதலும், ஆங்காங்குச் சென்று ஆணை நடாத்தும் படைத்தலைவனைப்போல ஒரு சொல் ஒவ்வொரு சூத்திரத்தோடும் சென்று இயைதலும் என அதிகாரம் இருவகைப்படும் என்பர். அமைப்புக் கோப்பு அரசனை ஒப்பது. நிரலினுள் இட்ட ஆணை படைத்தலைவனை ஒப்பது. ஆயினும், அரசனது ஆணையைப் படைத்தலைவன் மீறுதல் மென்பொருளில் முறையேயாம். இவ்விடத்து உவமை சற்றே நொண்டுகின்றது.

மென்பொருளார் இயல்புநிலையை ஏன் மாற்றவேண்டும்? விட்டபடியே விட்டால் என்னை? என்று வினவுவார் உளர். மாற்றியதற்குத் தக்க காரணங்கள் உண்டு. மேட்பிளாட்லிப்பினை ஆக்கியவர் ஜான் ஹன்டர் என்னும் நரம்புயிரியல் அறிஞர். காக்கைவலிப்பு நோயாளரின் மூளையில் எழும் மின்குறிகளை ஆராய்ந்துவந்த அவர், மாட்லேப் என்னும் விலைமென்பொருளின் வரைபடவாற்றலைப் பைத்தானில் பெறவேண்டி இதனைத் தொடங்கி 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2012ஆம் ஆண்டில் இளம்பருவத்தே மறைந்தார். ஆதலின், பழைய இயல்புநிலைகளுட் பல மாட்லேப்பினைப் பின்பற்றியனவாய் இருந்தன. அவற்றுள் ஒன்று ஜெட் என்னும் நிறவரிசை. நீலத்தில் தொடங்கி, வெளிர்நீலம், மஞ்சள் வழியே சிவப்பில் முடிவது அது, கண்ணுக்குக் கவர்ச்சியானது. ஆயின், அதன் ஒளியளவு ஒருசீராக ஏறுவதில்லை. மஞ்சளும் வெளிர்நீலமும் திடுமென ஒளிர்ந்து, எண்களில் இல்லாத எல்லைகளைப் படத்தில் இருப்பனபோலக் காட்டும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலோ, மிகச்சிறிய எண்ணும் மிகப்பெரிய எண்ணும் ஒருபடித்தாய் இருண்டு தோன்றும். வட ஐரோப்பிய வழியினரான ஆடவருள் ஏறத்தாழ 12 பேரில் ஒருவர் சிவப்பையும் பச்சையையும் செவ்வனே பிரித்தறியமாட்டார் என்பதனையும் ஈண்டு நினைதல் வேண்டும். இக்குறைகளை நீக்குதற்கு நாதனியேல் ஸ்மித், ஸ்டெஃபான் வான் டெர் வால்ட் என்னும் இருவர் விரிடிஸ் என்னும் நிறவரிசையை வகுத்தனர். 2015ஆம் ஆண்டில் அறிஞர் பேரவையொன்றில் அதனை எடுத்துரைத்தனர். 2017 ஜனவரியில் வெளிவந்த 2.0ஆம் பதிப்பில் ஜெட் நீங்க, விரிடிஸ் இயல்புநிலை ஆயிற்று. மாட்லேப்பும் அதற்கு முன்னரே, 2014ஆம் ஆண்டின் இரண்டாம் வெளியீட்டில், ஜெட்டினை விட்டுப் பருலா என்பதனை ஏற்றுக்கொண்டிருந்தது.

நிறத்தோடு மாற்றம் நின்றதா எனின், இல்லை. பழைய இயல்புநிலையில் படம் 8 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உடையது. அங்குலத்துக்கு 80 புள்ளி. புதிய இயல்புநிலையில் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும். அங்குலத்துக்கு 100 புள்ளி. பெருக்கிப் பார்மின்: இரண்டும் 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமுமேயாம். திரையிற் பார்ப்பவன் படத்தின் பரப்பில் வேறுபாடு காணான். தாளில் அச்சிடுவோனே காண்பான். எழுத்தளவு 12 புள்ளியிலிருந்து 10 ஆயிற்று. கோட்டின் தடிப்பு 1 புள்ளியிலிருந்து 1.5 ஆயிற்று, அச்சுக்களின் அளவுக்குறிகள் உள்நோக்கி நின்றவை வெளிநோக்கித் திரும்பின. நல்ல வேளையாக, பழையதே வேண்டுவார்க்கு 'கிளாசிக்' என்னும் நடையும் உடன் வைக்கப்பட்டது. பழைய ஆய்வுரைக்குப் புதிதாக ஒரு படம் சேர்ப்பார்க்கு அஃது அருமருந்து.

அளவைப்பற்றி இன்னும் ஒரு சொல். நேச்சர் என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் ஒற்றைப்பத்திப் படத்தின் அகலம் 89 மில்லிமீட்டர். 6.4 அங்குலம் என்பது 162.5 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. இயல்புநிலையில் வரைந்த படத்தை அப்பத்திக்குள் சுருக்கினால், 10 புள்ளி எழுத்து ஏறத்தாழ 5½ புள்ளி எழுத்தாய்க் கண்ணை வருத்தும். ஆதலின், படம் இறுதியில் எவ்வளவினதாய் அச்சேறுமோ அவ்வளவினையே முதற்கண் அமைப்பிற் குறித்தல் வேண்டும். பின்னர் நீட்டலும் சுருக்கலும் வேண்டா. நம் மாணவர் கட்டுரைகள் ஏ4 தாளில் இருபுறமும் ஓரங்குலம் விட்டு அச்சிடப்படுவன. எஞ்சும் அகலம் ஏறத்தாழ 6.27 அங்குலம். இயல்புநிலைப் படம் அதனுள்ளும் அடங்காது சற்றே வெளிப்படும் என்பது பலர் கருதாத செய்தி. மற்றொன்று: பி.டி.எஃப். கோப்பாகப் படத்தைச் சேமிக்கும்போது, எழுத்துருக்களை டைப் 3 என்னும் வடிவில் பொதிதல் இதன் இயல்புநிலை. பொறியியற் பேரவைகள் சில டைப் 3 எழுத்துரு உள்ள கட்டுரைகளை ஏலாமல் திருப்பிவிடும். அமைப்பில் 42 என்னும் எண்ணை ஒருமுறை எழுதிவைத்தால் அத்தொல்லை தீரும்.

மாட்லேப்பில் இம்முறை வேறு. அங்கே படத்தின் உறுப்புக்கள் ஒரு குலமுறையில் நிற்கின்றன: வேர், அதன்கீழ்ப் படச்சாளரம், அதன்கீழ் அச்சுத்தொகுதி, அதன்கீழ்க் கோடும் எழுத்தும் பிறவும். கோட்டின் தடிப்புக் கூறப்படாதபோது, மென்பொருள் அருகிலுள்ள முன்னோரிடத்துத் தொடங்கி மேனோக்கிச் சென்று, எவரேனும் ஓர் இயல்புநிலையை விட்டுச்சென்றுளரா எனத் தேடும். வேரிலும் இல்லாதவழி, ஆலையிருப்பு எனப்படும் தொடக்க மதிப்பினைக் கொள்ளும். வேரில் வைத்த மதிப்பு அதன்பின் பிறக்கும் உறுப்புக்களையே ஆளும். முன்னரே வரையப்பட்டவற்றைத் தீண்டாது. மேலும், மென்பொருளை மூடியவுடன் அம்மதிப்பு அழிந்துபோம். ஆதலின், ஸ்டார்ட்அப் என்னும் பெயருடைய தொடக்க நிரலில் அதனை எழுதிவைத்தல் மரபு. மாட்லேப் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்நிரலைத் தானே ஓட்டும்.

மாட்லேப் பயில்வார் பெரிதும் இடறும் இடம் வேறொன்று உண்டு. அச்சுத்தொகுதி ஒன்றனை ஆக்கி, அதன் எழுத்தளவினை 14 என்று வைத்து, பின்னர் 'பிளாட்' என்னும் கட்டளையால் கோடு வரைகின்றான் ஒருவன். எழுத்தளவு பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றது! மென்பொருள் பழுதுற்றது என்று அவன் கருதுகின்றான். உண்மை அதுவன்று. புதிய கோடு வரைவதற்கு முன், பழைய கோடுகளை அழித்து, இடமும் அலகும் நீங்கலாக அச்சுத்தொகுதியின் பண்புகளையெல்லாம் இயல்புநிலைக்கு மீட்டல் அக்கட்டளையின் தொழில். 'ஹோல்ட் ஆன்' என்று முன்னரே கூறினாலும், 'அடுத்த வரைவில் உள்ளடக்கத்தை மாத்திரம் மாற்றுக' என்று அச்சுத்தொகுதிக்குப் பணித்தாலும் பண்புகள் காக்கப்படும். எழுத்தளவினை வரைந்தபின் வைத்தலும் ஆம். எல்லாவற்றினும் நன்று, அதனை வேரிலேயே இயல்புநிலையாக வைத்துவிடுதல்; அப்போது 'இயல்புநிலைக்கு மீட்டல்' என்பதே நாம் விரும்பியதற்கு மீட்டலாய் முடியும்.

க்னூபிளாட் மேட்பிளாட்லிப்பினும் மூத்தது. 1986ஆம் ஆண்டில் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்பாரால் தொடங்கப்பெற்றது. இதற்கும் பயனரது இல்லக் கோப்புறையில் ஒரு தொடக்கக் கோப்பு உண்டு. ஆயின் 'ரீசெட்' என்று ஏவினால், மென்பொருளின் பிறவியமைப்பே மீளும். நம் தொடக்கக் கோப்பில் எழுதியவை மறைந்துபோம். 'ரீசெட் செஷன்' என்று ஏவினாலோ, பிறவியமைப்புக்கு மீண்டபின் நம் தொடக்கக் கோப்பும் மறுமுறை படிக்கப்படும். ஒரு சொல் மிகுதியால் விளையும் வேறுபாடு இத்துணை! ஆர் என்னும் புள்ளியியல் மொழியில் 'பார்' என்னும் சார்பு அமைப்பினை மாற்றும்போதே பழைய மதிப்புக்களைத் திருப்பித் தரும். அதனை ஒரு பெயரில் இட்டுவைத்து, வேலை முடிந்தபின் மீட்டுக்கொடுத்தல் நற்பழக்கம். புதிய வரைசாளரம் திறந்தால் அவ்வமைப்பு அதன்கண் செல்லாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழில் வரைபடம் எழுத விழைவார்க்கு இவையெல்லாவற்றினும் மேற்பட்ட ஓர் இடர் உண்டு. தமிழெழுத்துக்களையுடைய நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் எழுத்துருவினை அமைப்பில் எழுதியவுடன் கட்டங்கள் நீங்கின, மகிழ்ந்தோம். அண்மையிற் சென்று நோக்கியபோது, 55ஆம் அதிகாரமாகிய செங்கோன்மையும் 56ஆம் அதிகாரமாகிய கொடுங்கோன்மையும் ஒருங்கே சிதைந்திருக்கக் கண்டோம். யூனிகோடு முறையில் மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே சேமிக்கப்படும். 'செ' என்பதில் சகரத்தின் பின்னரே கொம்பு கிடக்கும். அதனை எடுத்து முன்னே வைத்து எழுதுதல் எழுத்துருவாக்கப் பொறியின் வேலை. அப்பொறி மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புக்களில் இல்லை. எழுத்துக்களை வந்த வரிசையிலேயே அவை அடுக்கிவிடும். ஆகவே, செ, கோ, மை என்னும் மூன்றிடத்தும் கொம்பு தன் எழுத்தின் பின்னே சென்று நின்றது. கட்டம் நின்றால் எவர்க்கும் பிழை தெரியும். கொம்பு இடம்மாறி நின்றால், தமிழறியாத நண்பர்க்கு அது பிழையென்றே தோன்றவில்லை.

இதற்கும் வழி உண்டு. படத்தினை ஸீலாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாக வெளியிடுமாறு மேட்பிளாட்லிப்பினைப் பணிக்கலாம். ஸீலாடெக் தமிழெழுத்துக்களை முறைப்படி கோத்துத் தரும். படம் வெளிவரச் சற்று நேரம் மிகுதியாகும், அவ்வளவே. இவ்வமைப்பும் எம் ஒன்பது வரிகளுள் அடங்கும்.

இறுதியில் யாம் செய்தது இது. அவ்வொன்பது வரிகளையும் நடைக்கோப்பாக்கி, வெளியீட்டு வழியினை மாத்திரம் நிரலின் தலையில் வைத்தோம். நடைக்கோப்பு தோற்றத்தை ஆளுமேயன்றி வெளியிடும் பொறியினை மாற்றாது என்பது அதனை எழுதியபின்னரே தெரிந்தது. நிரலையும், எண்களையும், நடைக்கோப்பினையும், எழுத்துருவினையும் கட்டுரையிருக்கும் கோப்புறையிலேயே ஒருங்கு வைத்தோம். மென்பொருளின் பதிப்பெண்ணையும் ஒரு சிறு கோப்பில் குறித்தோம். பிறகு நண்பரது கணினியில், எம் அமைப்பு ஒன்றும் இல்லாத இடத்தில், அனைத்தையும் முதலிலிருந்து வரைவித்துப் பார்த்தோம். நான்காம் நாள் மாலையில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் தத்தம் கொம்புகளை உரிய பக்கத்திற் பெற்று, அடுத்தடுத்த தூண்களின்கீழ் வந்து நின்றன.